நிழலுக்கும் ஓர் இடம்

இக்காலத்து நாட்காட்டிகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நுவரெலியாவின் தேயிலை மலையானாலும் சரி, திருகோணமலைக் கடலானாலும் சரி, எங்கள் யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பானாலும் சரி, எல்லாவற்றின் மேலும் ஒரே வானம் கவிந்திருக்கின்றது. ஊதாவும் செம்மஞ்சளும் குழைத்துப் பூசிய வானம் அது. முகில் ஒவ்வொன்றும் கல்லிலே செதுக்கியதுபோல நிற்கும். கீழேயுள்ள புல்லின் ஒவ்வொரு தாளும் தனித்தனியே தெரியும். மரத்தின் அடியிலே நிழல் இராது. மரத்தின் உச்சியைச் சுற்றி, தெய்வப் படங்களில் தலைக்குப் பின்னே வரைவார்களே, அதுபோன்ற வெளிறிய வட்டம் ஒன்று மாத்திரம் இருக்கும்.

இப்படங்களை எடுத்தவர்கள் பொய்யுரைக்க விரும்பியவர்கள் அல்லர். கமராவுக்கு இயல்பாகவே அமைந்த ஒரு குறையை நீக்கவே அவர்கள் முயன்றார்கள். அதற்கென ஏற்பட்ட நல்லதொரு முறையும் இருக்கின்றது. எச்.டி.ஆர். என்று மூன்று எழுத்துகளாற் சுருக்கி வழங்கப்படும் அம்முறையை, விரிந்த ஒளிவீச்சு முறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நான் அதன் பகைவன் அல்லேன். பல ஆண்டுகளாக அதனைக் கையாண்டு வருபவன். ஆதலால், இயற்கைக்கு மாறுபடாதவாறு அதனைக் கையாளுவது எங்ஙனம் என்பதுபற்றி இரண்டொரு வார்த்தை சொல்லலாமென எண்ணுகிறேன்.

கண்ணும் கமராவும்

மாலையிலே யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் நின்று மேற்கே பாருங்கள். ஞாயிறு சாய்ந்துகொண்டிருக்கும். அதன் அருகேயுள்ள முகிலின் விளிம்பு கண்ணைக் கூசச் செய்யும். ஆழங் குறைந்த கடனீரேரியில், மீன்பிடிக்காக நட்ட தடிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே ஒரு வள்ளம்; அதன் உட்புறம் நன்றாக இருண்டிருக்கும். ஆயினும் முகிலையும் காண்கிறோம். வள்ளத்தினுள்ளே சுருட்டி வைத்த வலையையும் காண்கிறோம். இரண்டையும் ஒரே கணத்திற் கண்டதாகவே நினைக்கிறோம். உண்மை அதுவன்று. முகிலை நோக்கும்போது கண்ணின் பாவை சுருங்குகின்றது. வள்ளத்தை நோக்கும்போது விரிகின்றது. விழித்திரையும் அவ்வவ்விடத்து ஒளிக்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளுகின்றது. இவ்வாறு துண்டு துண்டாகக் கண்டவற்றை மூளை ஒரே காட்சியாகத் தைத்துத் தருகின்றது.

கமராவுக்கு இவ்வசதி இல்லை. ஷட்டர் திறந்து மூடும் அச்சிறு பொழுதில் முகிலுக்கும் வள்ளத்துக்கும் அது ஒரே அளவையே கொடுக்கும். ஒளியின் அளவை இருமடங்காக்குவதைப் படப்பிடிப்பாளர் ஒரு 'ஸ்டொப்' என்பர். இன்றைய நல்ல கமராக்கள் 14 ஸ்டொப் வரை பதிவு செய்ய வல்லவை. அதாவது, மிக மங்கிய இடத்துக்கும் மிகப் பிரகாசமான இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 16,000 மடங்கு வேறுபாட்டை அவை தாங்கும். பெரிய எண்தான். ஆனால், ஞாயிறே படத்தினுள் நிற்கும் அந்திக் காட்சிக்கு அதுவும் போதாது. முகிலுக்கு ஏற்ப எடுத்தால் வள்ளம் கரித்துண்டாகிவிடும். வள்ளத்துக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெற்றுத் தாளாகிவிடும்.

இதனிலும் பெரிய தடை ஒன்று பின்னால் இருக்கின்றது. படம் ஈற்றிலே கடதாசியில் ஏறவேண்டும். கடதாசியின் வெண்மைக்கும் அதன்மேல் விழும் மையின் கருமைக்கும் இடையேயுள்ள வேறுபாடு, பளபளப்பான கடதாசியிற்கூட, 100 மடங்கு அல்லது 200 மடங்கு அளவே. ஏழு ஸ்டொப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமரா எவ்வளவுதான் அள்ளிக்கொண்டு வந்தாலும், பத்துக் கொத்து நெல்லை ஒரு கொத்துக்குள் அடக்கும் வேலை மிச்சமாகவே இருக்கும். அடக்கலாம், ஆனால் எதனை நெருக்குவது, எதனைச் சிந்தவிடுவது என்று ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். அத்தீர்மானத்திலேதான் படத்தின் உண்மையும் பொய்யும் தங்கியிருக்கின்றன. மென்பொருளிலே அல்ல.

பழையவர்கள் செய்தது

இத்தொல்லை கணினியோடு பிறந்ததன்று. 1850களிலே பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே இதனோடு மல்லாடினார். அன்று கண்ணாடித் தகட்டிற் பூசிய கொலோடியன், நீல ஒளியை மிகுதியாக உணரும் இயல்புடையது. நிலத்துக்கும் கடலுக்கும் வேண்டிய அளவு ஒளியைக் கொடுத்தால் வானத்தில் ஒரு முகிலும் மிஞ்சாது. லெ கிரே என்ன செய்தார்? கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என இரண்டு எடுத்தார். தொடுவானக் கோட்டிலே இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857ஆம் ஆண்டில், தென் பிரான்ஸின் செற் துறைமுகத்தில் எடுத்த 'பேரலை' என்னும் படம் இவ்வாறு உருவானதே. இன்று நாம் கணினியில் இரண்டு மூன்று படங்களை இணைப்பதற்கு இதுவே முன்மாதிரி எனலாம். நல்ல வானம் ஒன்று கைக்கு அகப்பட்டால் அதனையே வேறு வேறு கடல்களின்மேல் அவர் பொருத்தியதும் உண்டு. நமது நாட்காட்டி வானத்துக்கு அவரே மூதாதை போலும்!

அன்செல் அடம்ஸ் சென்ற வழி வேறு. 1941ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி மாலை, அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து அவர் மோட்டாரிற் சென்றுகொண்டிருந்தார். கிழக்கே நிலா எழுந்திருக்க, ஊரின் இடுகாட்டுச் சிலுவைகளில் அந்தி வெயில் கடைசியாகப் பட்டுக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. அந்த ஒரு நெகற்றிவிலிருந்து பின்னர் அவர் தம் ஆயுட்காலத்தில் 1,300க்கு மேற்பட்ட பிரதிகளை அச்சிட்டார். நிலப்பகுதி மெலிவாக இருந்தமையால், 1948இல் நெகற்றிவின் அப்பகுதியை மாத்திரம் இரசாயனத்தினால் வலுப்படுத்தினார். முந்திய பிரதிகளில் வானம் சாம்பல் நிறம். மங்கிய முகிற்கீற்றுகள்கூடத் தெரியும். பிந்திய பிரதிகளிலோ வானம் கிட்டத்தட்டக் கருமையாகிவிட்டது.

அந்த மாலையில் எர்னாண்டஸின் வானம் கருமையாக இருந்திருக்க முடியாது. எனினும் அப்படத்தைப் பார்த்து எவரும் 'இது செயற்கை' என்று முகஞ்சுளிப்பதில்லை. ஏன்? நிலா, முகில், சிலுவை, வீடு, புதர் என்று பிரகாசத்தில் ஒன்றுக்கொன்று எப்படி முறை வைத்திருந்தனவோ, அந்த முறையை அவர் குலைக்கவில்லை. இருளை இன்னும் இருளாக்கினார், அவ்வளவே. இருட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இருளின் பெறுமதி தெரிந்திருந்தது. இன்றைய கைகளோ இருளைக் கண்டவுடன் அதனை வழித்தெறியவே துடிக்கின்றன.

நமது நாட்டின் லயனல் வென்ற் (1900–1944) இருட்டறையிலே செய்யாத வித்தை இல்லை. படத்தின்மேற் படம் பொருத்துவதும், பாதி உருத்துலக்கிய தாளை வெளிச்சத்திற் காட்டி விளிம்புகளைத் தலைகீழாக்குவதும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் வித்தையை வித்தையாகவே காட்டினார். அவருடைய படங்களைக் காண்பவர் ஏமாறுவதில்லை. நான் குறைகூறுவது, 'எங்கள் ஊர் இப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டு வரும் வித்தையையே.

கணினிக் காலத்து வரலாறு சுருக்கமானது. வேறு வேறு அளவில் ஒளியேற்ற பல படங்களை இணைத்து வீச்சை விரிக்கும் கணக்கு முறையை 1995இல் ஸ்டீவ் மான், றொசலிண்ட் பிக்காட் இருவரும், 1997இல் போல் டெபவெக், ஜிதேந்திர மலிக் இருவரும் எழுதி வெளியிட்டனர். 2005இல் அது போட்டோஷொப் மென்பொருளில் இடம்பெற்றது. 2010இல் ஐபோனில் நுழைந்தது. 2015இல் லைற்றூம் என்ற மென்பொருளிலும் சேர்ந்தது. இன்று கைத்தொலைபேசிகள் நம்மைக் கேளாமலே அதைச் செய்துவிடுகின்றன.

பண்ணையில் எடுத்த மூன்று படங்கள்

என் தமக்கையார் 1990இல் ஊரைவிட்டுப் போனவர். இன்று ரொறன்ரோவில் வசிக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குப் பண்ணையின் மாலைத் தோற்றம் ஒன்று வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். அவருக்கு அது நினைவுக்கு ஒரு துணை. பிள்ளைகளுக்கோ அதுதான் ஊர். அதிலே உள்ள வானந்தான் ஊரின் வானம். ஆகையால் இவ்விடயத்தில் நான் சற்றுக் கூடுதலாகவே கவனம் எடுத்தேன்.

கமராவை முக்காலியில் நிறுத்தினேன். வில்லையின் துவாரத்தை எப். 11 என்ற அளவில் வைத்து, மூன்று படங்களுக்கும் மாற்றாது விட்டேன். துவாரத்தை மாற்றினால், தெளிவாகத் தெரியும் ஆழம் படத்துக்குப் படம் மாறிவிடும். பின்பு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தா. மாற்றவேண்டியது ஷட்டரின் வேகத்தையே. வானத்துக்கென ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு, நடுவானதற்கு 125இல் ஒரு பங்கு, வள்ளத்தின் உட்புறத்துக்கென 30இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டொப். பெரும்பாலான அந்திக் காட்சிகளுக்கு இம்மூன்றும் போதும். ஏழும் ஒன்பதும் எடுப்போரை அறிவேன். அது பெரும்பாலும் மனத்திருப்திக்காகவே.

படங்களை 'றோ' என்னும் மூல வடிவத்தில் எடுக்கவேண்டும். சாதாரண 'ஜேபெக்' வடிவத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிற் மூல வடிவத்தில் 16,384 படிகள். வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தைப் பின்னர் சிறிது இழுத்தாலும், படிகள் குறைந்த படத்தில் அது கோலப் பட்டைகளாகப் பிளந்துவிடும். மற்றொன்று, நிறச் சமநிலையைக் கமராவின் பொறுப்பில் விடலாகாது. அந்திச் சிவப்பை அது ஒரு குற்றமாகக் கருதித் திருத்திவிடும். பகலொளி என்ற குறியில் நிறுத்திவிட்டால், சிவந்தது சிவந்தபடியே வரும்.

இவை யாவும் எந்தக் கைநூலிலும் உள்ளவை. எழுதாதது ஒன்றுண்டு. படம் எடுத்து முடிந்ததும், அவ்விடத்திலேயே நின்று, ஒரு துண்டுக் கடதாசியில் பிரகாசத்தின் வரிசையை எழுதிக்கொள்வது என் வழக்கம். அன்று எழுதியது இது: முகிலின் விளிம்பு, அதைச் சூழ்ந்த வானம், தூரத்து நீர், உச்சி வானம், வள்ளத்தின் அணியம், காலடி நீர், எதிர்க்கரைப் பனைகள், வள்ளத்தின் உட்புறம். மொத்தம் எட்டு. வீட்டிலே கணினியின் முன் அமர்ந்தபின் மனம் எதை வேண்டுமானாலும் நினைவுபடுத்தும். கடதாசி அவ்வாறு செய்யாது.

லைற்றூம் மூன்றையும் இணைத்து ஒன்றாக்கித் தந்தது. காற்றில் வள்ளம் ஆடியிருந்தமையால், இணைத்த படத்தில் அதன் அணியம் மூன்று தலையோடு தெரிந்தது. இதற்குப் பேய்நிழல் என்று பெயர். அசைந்த பகுதிக்கு மாத்திரம் மூன்றில் ஒரு படத்தையே எடுத்துக்கொள் என்று மென்பொருளுக்குச் சொல்லும் வசதி உண்டு. அலைக்கும் அதுவே மருந்து. இணைத்த படம் முதலில் உப்புச்சப்பற்றதாகவே தோன்றும். இவ்விடத்திலேதான் நமது இளைஞர்கள் பொறுமையிழந்து எல்லா நகர்த்திகளையும் வலது கோடிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

நான் முதலில் தொடுவது 'ஹைலைட்ஸ்' என்ற நகர்த்தி. முகிலின் விளிம்பில் உருவம் தெரியும்வரை அதனை இறக்குவேன்; ஞாயிற்றைத் தொடமாட்டேன். ஞாயிறு வெறும் வெள்ளையாக இருப்பதில் குற்றமில்லை. அதனுள்ளே விவரம் தேடும் கண் உலகில் இல்லை. அடுத்தது 'ஷடோஸ்'. இது நிழலை உயர்த்துவது. வள்ளத்தினுள்ளே வலை இருக்கின்றது என்று அறியுமளவுக்கு உயர்த்தினேன். வலையின் கண்களை எண்ணுமளவுக்கு உயர்த்த முடியும். ஆனால் அந்த வேளையில் கரையில் நின்ற எவரும் அவற்றை எண்ணியிருக்க முடியாது.

நீரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெரும்பாலான படங்கள் கெடுவது நீரிலேதான். நேர் கீழே பார்க்கும்போது, நீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்களவே திருப்பித் தரும். பார்வை தாழத் தாழ அப்பங்கு கூடிக்கொண்டே போகும். தொடுவானத்தை அண்டியதும் நீர் கண்ணாடியாகிவிடும். ஆகவே காலடியில் உள்ள நீர் இருண்டும், தூரத்து நீர் ஒளிர்ந்தும் இருப்பது இயற்கையின் விதி. அந்த இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் படிமுறையினாலேயே கடல் படத்திலும் தட்டையாகப் படுத்துக் கிடக்கின்றது. நிழல் நகர்த்தியை முழுவதும் தள்ளினால் காலடி நீரும் தூரத்து நீரும் ஒரே வெளிச்சமாகும். கடல் படுக்கையை விட்டு எழுந்து சுவர்போல நின்றுவிடும். இன்னுமொன்று: நீரிலே தெரியும் வானம், தன் மூலமான வானத்தைவிடப் பிரகாசமாக இருக்க முடியாது. மேற்கூறிய நாட்காட்டிகளை எடுத்து இந்த ஒன்றை மாத்திரம் சோதித்துப் பாருங்கள்.

பனைகளைச் சுற்றித் தோன்றும் வெளிறிய வட்டத்துக்குக் காரணம், ஒளியை இடத்துக்கிடம் வேறு வேறாகத் திருத்தும் கணக்கு. கரிய பனையின் அயலை அது கரிய பிரதேசமென்றே எண்ணி, அங்குள்ள வானத்தையும் சேர்த்து வெளுப்பாக்கிவிடுகின்றது. 'கிளாரிற்றி', 'டிஹேஸ்' என்ற இரண்டு நகர்த்திகளும் இதற்கு எண்ணெய் வார்ப்பன. சோளகக் காலத்தில் எங்கள் வானத்திலே புழுதியும் உப்பும் கலந்த ஒரு மங்கல் எப்போதும் உண்டு. அதனைத் துடைத்தெறிந்தால் சுவிற்சலாந்து வானம் கிடைக்கும். பண்ணை வானம் கிடைக்காது. நான் இரண்டையும் பெரும்பாலும் தொடுவதில்லை.

நிறத்திலும் இதே கதைதான். மங்கிய ஒளியிலே நம் கண் நிறங்களை இழந்துவிடுகின்றது. அதிலும் சிவப்பு முதலில் மறைகின்றது, நீலம் சற்றுத் தாமதித்து நிற்கின்றது. செக் தேசத்து அறிஞர் புர்க்கின்யே இதனை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டு சொன்னார். ஆதலால் நிழலை உயர்த்தும்போது அதனுள்ளே இருந்து எழும் நிறத்தைக் குறைக்கவேண்டும். கூட்டுவது எங்ஙனம் பொருந்தும்? வள்ளத்தின் உட்புறத்துப் பச்சைப் பூச்சை மாத்திரம் நான் தூரிகை கொண்டு சிறிது மங்கவைத்தேன். உடனே அந்தி மீண்டும் அந்தியாயிற்று.

இரண்டு பிரதிகள்

ஒரு சோதனைக்காக, அதே மூன்று படங்களிலிருந்து இன்னொரு பிரதியும் தயாரித்தேன். இதில் எல்லா நகர்த்திகளையும் நாட்காட்டிக்காரர் போலவே தள்ளினேன். ஊதா வானம் வந்தது. வலையின் கண்களும் வந்தன. இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டு, பண்ணையிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்யும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். படம், கலை என்றெல்லாம் அவரிடம் பேசவில்லை. "அப்பு, இது எந்த நாள் எண்டு சொல்லுவியளோ?" என்று மாத்திரம் கேட்டேன்.

அடக்கமாகச் செய்த பிரதியை முதலில் வாங்கினார். கையை நீட்டித் தூரப்பிடித்துப் பார்த்தார்.

"இது சோளகம் ஓயிற காலத்து மானம் எல்லோ? ஆவணி பிறந்திருக்கும். பொழுதுபட இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு. தண்ணி வத்து, தடியைப் பார்த்தால் தெரியுது."

நாள் ஓகஸ்ட் 20. நேரம் ஞாயிறு மறைய ஏறத்தாழப் பத்து நிமிடம்.

மற்றப் பிரதியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"இது எங்கட பக்கமோ, தம்பி?"

"அதே இடந்தான், அப்பு. அதே நாள்."

"தடி எங்கட தடிதான். மானம்தான் பிடிபடேல்ல. வெளிச்சம் மேலயிருந்துதானே கடலுக்கு வாறது? இதில கடல் தானாய் எரியுது."

வானத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போவதா, நிற்பதா என்று தீர்மானித்து உயிர் பிழைத்த மனிதர் அவர். முதற் பிரதியின் மங்கலிலும் நிழலிலும் அவருக்குக் காலமும் காற்றும் நீர்மட்டமும் எழுதியிருந்தன. இரண்டாவதில் விவரம் கூடியிருந்தது, செய்தி அழிந்திருந்தது. விமரிசகர் பலரிடம் காட்டியிருந்தாலும் இவ்வளவு திட்டமான தீர்ப்பு எனக்குக் கிடைத்திராது.

அச்சிடுதல் குறித்து ஒன்று. கணினித் திரை தானே ஒளிர்வது. கடதாசி பிறர் ஒளியில் வாழ்வது. திரையின் பிரகாசத்தை முழுமையாக வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தினால், அச்சில் அது இருண்டுவிடும்; அந்த ஏமாற்றத்தினால் அடுத்த முறை நிழலையெல்லாம் உயர்த்தத் தோன்றும். ஆகையால், மேசையின் அருகே வெள்ளைக் கடதாசி ஒன்றை வைத்து, திரையின் வெண்மை அதனோடு ஒத்து வரும்வரை திரையை மங்கச் செய்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். திருத்தி முடிந்த படத்தை அன்றிரவே அச்சுக்கு அனுப்புவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால், இரவு அழகாகத் தோன்றிய நிறங்களிற் பாதி அதிகப்படியாக இருக்கும். அவற்றை இறக்கிவிட்டே அனுப்புவேன்.

அக்காவுக்கு முதற் பிரதி போயிற்று. பளபளப்பில்லாத கடதாசியில், பதினாறு அங்குல அகலத்தில். தொலைபேசியில் அவர் வானத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வள்ளத்துக்குள்ளே கிடப்பது வலையா, பாயா என்று பேத்தி கேட்பதாகச் சொன்னார். வலைதான் என்றேன். மூன்று மூலப் படங்களையும் ஒரு வன்தட்டில் தனியே சேமித்திருக்கிறேன்; பின்னொரு காலத்தில் வேறொருவர் வேறு விதமாக அச்சிட விரும்பலாம். கோப்பின் பெயரில் நாளும் நேரமும் எழுதி, பக்கத்திலே 'சோளகம், வற்று' என்று முதியவர் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்.